நாத்திகம் வேறு, நிந்தனை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் என எங்கே சர்ச்சை எழுந்தாலும் செய்திகளில் நாத்திகர், தெய்வநிந்தனை, மதத்துரோகம் ஆகிய சொற்களே மாறி மாறி வருகின்றன. நம்பாமல் இருப்பது, மாறுபட நம்புவது, நம்பியதைக் கைவிடுவது, பழித்துப் பேசுவது ஆகிய நான்கும் வெவ்வேறு செயல்கள். ஒவ்வொரு சமயமும் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெயர் மாறினால் ஒருவர் செய்யாத குற்றம் அவர் தலையில் ஏறிவிடும்.

அதிகம் பிழைபடுவது நாத்திகம். 'உண்டு' என்ற கருத்துடையவன் ஆஸ்திகன், 'இல்லை' என்ற கருத்துடையவன் நாஸ்திகன் என்பதே பாணினியின் வடமொழி இலக்கணச் சூத்திரம் (4.4.60) தரும் பொருள். உண்டு, இல்லை என்பது எதை? மறுமையை என்கிறது அந்தச் சூத்திரங்களுக்கு எழுந்த காசிகை உரை. மனுஸ்மிருதியில் மனுவோ (2.11) வேதத்தைப் பழிப்பவனை நாஸ்திகன் என்கிறார். இரண்டு இடத்திலும் கடவுள் பேச்சே இல்லை. அதனால்தான் உலகைப் படைத்த ஒரு கடவுளை ஏற்காத சாங்கியமும் மீமாம்சையும் ஆத்திக தரிசனங்களாகவே, அதாவது தத்துவ நெறிகளாகவே எண்ணப்படுகின்றன. கடவுள் மறுப்பு என்ற ஒரே பொருளில் இன்று நாம் வழங்குவது பிற்கால வழக்கு. அது தவறில்லை, ஆனால் பழைய நூலைப் பேசும்போது அந்தப் பொருளை அதற்குள் புகுத்தக் கூடாது.

நம் மதுரைக்கு இது வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. கீழக்குயில்குடி சமணமலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, 'நாத்திகர்கள் வாழ்ந்த மலை' என்று எழுதிக் கொடுத்தால் என்ன புரியும்? சமணர் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. ஆனால் வினை, மறுபிறப்பு, வீடுபேறு மூன்றையும் உறுதியாக ஏற்பவர்கள். மனுவின் கணக்கில் நாத்திகர், காசிகையின் கணக்கில் ஆத்திகர். மறுமையையே மறுத்தவர்கள் உலகாயதர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் நிகண்டவாதி (சமணன்) தனியே பேசுகிறான், பூதவாதி (உலகாயதத்தை ஒட்டியவன்) தனியே பேசுகிறான். அந்த வேறுபாட்டை அன்றே காட்டிய தமிழில் இன்று இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பது வருத்தம் தருகிறது.

சைவ சித்தாந்தம் பிற கொள்கைகளைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று தன்னிலிருந்து எவ்வளவு தூரம் எனப் பார்த்து அடுக்குகிறது. உலகாயதம், நால்வகைப் பௌத்தம், சமணம் ஆகியவை புறப்புறம். சாங்கியம், மீமாம்சையோடு வைணவரின் பாஞ்சராத்திரமும் புறச்சமயத்தில் நிற்கிறது. புறச்சமயி என்றால் நாத்திகன் என்று பொருளே இல்லை. பழித்துப் பேசுவதைச் சைவம் வேறு கணக்கில் வைக்கிறது. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் சிவநிந்தை, குருநிந்தை, மாகேசுர நிந்தை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அடியாரை இகழ்வதே மாகேசுர நிந்தை. வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர் பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று ஒன்றைவிட ஒன்று கொடியதாக அடுக்குகிறார். பெருமாளிடம் செய்யும் பிழையைவிட அடியாரிடம் செய்வது பெரிது, காரணமே இல்லாமல் அவர்களைச் சகிக்காமல் இருப்பது அதனினும் பெரிது. அபசாரம் செய்பவர் பெரும்பாலும் நம்பிக்கை உள்ளவர்தான் என்பதைச் செய்தி எழுதுவோர் மறந்துவிடுகிறார்கள்.

காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டவர்கள் குஃப்ரையும் ஷிர்க்கையும் குழப்ப மாட்டார்கள். குஃப்ர் என்பது உண்மையை ஏற்க மறுப்பது, அதன் வேர்ப்பொருள் மூடி மறைத்தல். விதையை மண்ணால் மூடும் உழவரையே குர்ஆன் (57:20) 'குஃப்பார்' என்கிறது. நன்றி மறப்பதும் குஃப்ர்தான் (14:7). இறைவனுக்கு இணைவைப்பது ஷிர்க். உள்ளே நம்பாமல் வெளியே நம்புவதாக நடிப்பவர் முனாஃபிக். மார்க்கத்தை விட்டு விலகியவர் முர்தத். குஃப்ர் செய்பவரான காஃபிர் என்பதை 'நாத்திகர்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். காஃபிர் எனப்பட்ட மக்கத்துக் குறைஷி குலத்தார் பல தெய்வங்களை வணங்கியவர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு (751-ஆம் விதி) இதை இன்னும் கறாராகப் பிரிக்கிறது. திருமுழுக்குப் பெற்ற பின் விசுவாச உண்மை ஒன்றைப் பிடிவாதமாக மறுப்பது பதிதம், விசுவாசம் முழுவதையும் கைவிடுவது விசுவாச மறுதலிப்பு, திருத்தந்தைக்குக் கீழ்ப்பட மறுப்பது பிரிவினை. ஆகவே திருமுழுக்கே பெறாத ஒருவரைப் பதிதர் என்று எழுத முடியாது. சீர்திருத்த சபையார் தேவதூஷணம் என்று சொல்வது கடவுளைப் பழிக்கும் பேச்சை. நற்கருணை அப்பத்தை அவமதிப்பது புனிதத்தைக் கெடுக்கும் குற்றம், அது வேறு.

காவல்துறை வழக்குச் செய்திகளில் இன்னொரு பிழை. நாத்திகம் பேசுவது இந்தியச் சட்டத்தில் குற்றமே இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927-இல் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, ஒரு வகுப்பாரின் மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட, தீய நோக்கத்தோடு அவர்கள் மதத்தை இழிவுபடுத்துவதைத்தான் தண்டித்தது. நோக்கம் நிரூபணமாகாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. வழிபாட்டிடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவதற்குத் தனிப் பிரிவு உண்டு, அது பழைய 295. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 295ஏ என்பது 299, 295 என்பது 298. 'தெய்வநிந்தனை வழக்கு' என்று தலைப்பிடாமல், எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறதோ அதன் எண்ணையும், செய்ததாகச் சொல்லப்படும் செயலையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.