அந்த ஒரு டம்மியை எடுக்காமல் விட்டவருக்கு

அன்புடையீர்,

என் நாய் மைனா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும் இந்த நேரத்தில் என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். வலது முன்னங்காலில் ஒரு கட்டு இருக்கிறது, மற்றபடி நலம். கடந்த சனிக்கிழமை டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றையொட்டிய எஸ்டேட்டில் நடந்த வேட்டைநாய்த் திறன் போட்டியில் என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்; உங்களில் பலர் இருட்டும் வரை என்னோடு நடந்தவர்கள். டம்மியை, அதாவது சுடப்பட்ட பறவைக்குப் பதிலாக நாய் எடுத்துவர வேண்டிய பொட்டலத்தை, எடுத்துவர நான் அனுப்பிய மைனா திரும்பி வராமல் காணாமல் போனாள்; அதற்கு மேல் மறுபடி விவரிக்கவில்லை. நன்றி சொல்லவே எழுதுகிறேன், அதிலும் ஒருவருக்குச் சற்று விரிவாக.

தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஓபன் பிரிவின் மூன்றாம் சோதனைக்கு டம்மி வைத்த பெரியவர் என்றால் உங்களுக்குப் புரியும். போட்டியிடும் நாம் இவர்களுடைய முகத்தைப் பார்ப்பதே அரிது. நாமும் நாயும் நடுவரின் அருகே நிற்க, அவர்கள் தொலைவில் ஒரு வேலிக்குப் பின்னால் மறைந்திருந்து, வெடிச்சத்தம் கேட்டவுடன் அந்தக் கான்வாஸ் டம்மி எல்லா நாய்களுக்கும் ஒரே இடத்தில் விழும்படி எறிகிறார்கள். டம்மி இருக்கும் இடம் நாய்க்குத் தெரியாத ‘பிளைண்ட்’ சோதனை என்றால், நாய் பார்க்காத வேளையில் நடந்து போய், முந்தைய நாய் எடுத்த அதே புல்தரையில் வைத்துவிட்டு மறைகிறார்கள். காலையிலிருந்து மாலை வரை இதே வேலை. எந்த நாய்க்கும் ஓர் அடி கூடவோ குறையவோ கூடாது என்ற அவர்களுடைய கவனத்தின் மேல்தான் நம்முடைய மதிப்பெண்கள் எல்லாம் நிற்கின்றன. இத்தனை ஆண்டுகளில் அவர்களில் ஒருவருக்கும் நான் நின்று நன்றி சொன்னதில்லை.

அன்று மாலை திடல் கலையும்போது டம்மிகளை எண்ணிச் சாக்கில் போட்டார்கள். ஒன்று குறைந்தது. மைனாவை எதற்காக அனுப்பினேனோ அதுதான். அதை எடுத்துவரக் கிளம்பிய இளைஞரை அவர் தடுத்தார். "அந்த நாயை அனுப்பியாயிற்று. அது திரும்பி வரும்வரை அதன் முறை முடியவில்லை. நான் அதை எடுக்க மாட்டேன், நீயும் எடுக்காதே" என்றார். விதிப்படி அந்த முறை எப்போதோ முடிந்து, மைனாவுக்குப் பூஜ்யமும் போட்டாயிற்று. ஆனால், எப்படியும் கிடைத்துவிடுவாள் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த அந்த வேளையில், அவள் இன்னும் தன் வேலையின் நடுவில் இருக்கிறாள் என்று பேசியவர் அவர் ஒருவரே. நான் அதைப் பற்றிக்கொண்டுதான் அந்த இரவைக் கடந்தேன்.

பிறகு, நான் மைனாவை அனுப்பிய இடத்தில் என் மேற்சட்டையை விரித்து வைக்கச் சொன்னார். சில அடி தள்ளித் தம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் கம்மிப் போயிருந்தது. "குரலில் உங்கள் பயம் தெரிகிறது, விசிலில் தெரியாது" என்றார். என்னுடைய விசிலின் வகை எண் 211.5. அவர் கழுத்தில் தொங்கியதும் 211.5. எண் ஒன்றென்றால் சுருதியும் ஒன்று. அதனால்தான் ஒரு விசில் தொலைந்தால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறோம். ஒருவர் அழைப்பை இன்னொருவர் தொடரவும் அது உதவும் என்று அன்றுவரை நான் எண்ணியதில்லை. திரும்பி வரச் சொல்ல எத்தனை முறை ஊதுவீர்கள் என்று கேட்டார். நான்கு சிறு ஊதல்கள், ஓர் இடைவெளி, மறுபடி நான்கு. அதை எனக்கு முன்னால் ஊதிக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கடைசி ஊதல் சற்று நீள்கிறது என்றேன், திருத்திக்கொண்டார்.

நள்ளிரவுக்குப் பின் காரில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. தொலைவில், இருட்டுக்குள், என்னுடைய அழைப்பு கேட்டது: நான்கு, இடைவெளி, நான்கு. கடைசி ஊதல் நீளவில்லை.

விடிந்த பின் மைனா அகப்பட்டது அந்த இடத்தில் அல்ல. ஒரு மைலுக்கு அப்பால், ஃபெசண்ட் என்ற வேட்டைப் பறவையின் குஞ்சுகளை விட்டிருந்த அடைப்பின் வெளிவேலியோரம், காலில் வெட்டுக்காயத்தோடு படுத்திருந்தாள். விசில் கேட்டு அவள் அத்தனை தூரம் வந்தாளா, அல்லது அதற்கு மேல் போகத் தெம்பில்லாமல் படுத்தாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அவளைக் கயிற்றில் பிடித்துத் திடலுக்கு அழைத்து வந்ததைப் பார்த்த பிறகே அவர் எழுந்தார். "இனி எடுக்கலாம்" என்று சொல்லி, ஈரப் புல்லில் நடந்து போய், அந்த டம்மியைத் தம் கையால் எடுத்து வந்தார்.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். வேட்டைப் பறவைகளைப் பேணும் காவலர், ஜூலை மாதத்தில், ஆண்டு முழுவதற்குமான தம் உழைப்பு இளங்குஞ்சுகளாக அடைப்பில் இருக்கும் நாட்களில், அந்நியர் காலடியும் அவிழ்ந்த நாயும் தம் காட்டுக்குள் வருவதை ஒருபோதும் விரும்ப மாட்டார்; ஆனாலும் வாயிலைத் திறந்துவிட்டு, விளக்கோடு தாமே முன்னால் நடந்தார், மைனாவைக் கண்டுபிடித்தவரும் அவரே. மீதிச் சோதனைகளைச் சிறிது நேரம் நிறுத்திவைத்த நடுவர்கள், கூட்டமாகக் கத்தினால் மிரண்ட நாய் இன்னும் ஓடும் என்று சொல்லி எல்லோரையும் அமைதிப்படுத்திய ஸ்பானியல் இன நாய்க்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்து தையல் போட்ட கால்நடை மருத்துவர், தேநீர்ப் பாத்திரத்தை அணைக்காமல் வைத்திருந்த சமையற்கூடத்தினர் ஆகிய அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னொரு பெண்மணியையும் சொல்லியாக வேண்டும். நடுவரின் ஆணைக்குள் இருக்கும் நாய் கழுத்துப்பட்டை அணியக் கூடாது என்பது விதி. ஆகவே மைனாவின் உடலில் இருந்த ஒரே முகவரி மைக்ரோசிப்தான். இங்கிலாந்தில் 2016 முதல் அது கட்டாயம் என்பதால் சிப் இருந்தது. ஆனால் பதிவில் இருந்ததோ நான் என்றோ கைவிட்ட தொலைபேசி எண். அது என் தவறு. அந்தப் பெண்மணி என் கைபேசியை வாங்கி, இருட்டில் காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் நின்று, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அதைத் திருத்தித் தந்தார். உங்கள் நாயின் பதிவில் எந்த எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இந்த மடலைப் படித்து முடிப்பதற்குள் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம் மைனாவுக்குத் தையல் பிரிப்பார்கள். வரும் ஆண்டுப் போட்டிக்கு அவள் பெயரை நான் கொடுக்கப் போவதில்லை. டம்மி எறிபவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்குமாறு செயலாளருக்கு எழுதிவிட்டேன். எந்த வேலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். அது அந்தப் பெரியவருக்கு அடுத்த வேலியாக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.