மாத்திரையை நிறுத்திவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்கத் திருமலைக் குமரனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஏதோ புரோபயாட்டிக் காப்ஸ்யூல், அதாவது நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகளை அடைத்தது, வாங்கியிருக்கிறாய், உன் சர்க்கரைக்கும் நல்லதாம், இதயத்துக்கும் நல்லதாம், இனிமேல் கொழுப்பு மாத்திரையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறாய். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காப்ஸ்யூல் சாப்பிட வேண்டுமானால் சாப்பிடு. கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதே.

அந்தக் காப்ஸ்யூல் வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு. கொலஸ்ட்ரால் என்கிற கொழுப்பிலிருந்துதான் கல்லீரல் பித்தநீர் உப்பைச் செய்கிறது. லாக்டோபாசில்லஸ் வகைக் கிருமிகள் சில அந்த உப்பைக் குடலிலேயே உடைத்துவிடும். உடைந்ததில் ஒரு பங்கு திரும்ப உடம்புக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறும். அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை இழுத்துக்கொள்ளும். அப்புறம், நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்கவைத்துச் சில அமிலங்களைத் தரும். குடலின் உட்சுவரைப் பலமாக வைத்திருக்க அவை உதவும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் கெட்டுப்போவதில் உள்ளுக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சிக்கும் பங்கு உண்டு. குடல் சுவர் சரியாக இருந்தால் அது கொஞ்சம் அடங்கும் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரி, பலன் எவ்வளவு? 2014ல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் மூன்றரை அளவுக்குக் குறைந்திருந்தது. அதுவும் எட்டு வாரமாவது தொடர்ந்து எடுத்தவர்களுக்குத்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்கின. சிலவற்றில் அதுவும் இல்லை. பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள், இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிட்டவை. ரத்தத்தில் எண் குறைந்ததா என்று பார்த்தார்களே தவிர, மாரடைப்பு குறைந்ததா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணிப் பார்க்கவில்லை.

நீ சாப்பிடுகிற கொழுப்பு மாத்திரையை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சர்க்கரை நோய் உள்ள, அதுவரை இதய நோய் வராத 2,838 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதற்கு இரண்டு வருடம் முன்பே ஆய்வை முடித்துக்கொண்டார்கள். 2004ல் அது வெளிவந்தது. உன் சீட்டில் எழுதியிருப்பதும் அதே மருந்து, அதே 10 மில்லிகிராம். விலையும் உன் காப்ஸ்யூலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நர்ஸாக இருந்த காலத்தில் ஒருநாள் இரவு, கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர் தானே நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. "வாயுத் தொல்லை சிஸ்டர், மூச்சு கொஞ்சம் வாங்குது, ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லவே இல்லை என்றார். ஈசிஜி பேப்பர் வெளியே வர வர டூட்டி டாக்டர் முகம் மாறியது. பெரிய மாரடைப்பு. பல வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிட்டால் இதயம் வலியைக்கூடச் சொல்லாது. அவர் கையில் ஊசி குத்தும்போது, "வாயுவுக்கா இத்தனை ஊசி?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல நேரத்தில் வந்தார், பிழைத்துக்கொண்டார். உனக்குக் காரணமில்லாமல் வியர்த்தாலோ, மாடி ஏறும்போது வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ, தாடையோ இடது கையோ கனத்தாலோ, வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, ஈசிஜி எடு. சர்க்கரை இல்லாதவர்களைவிட இருப்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, தயிருக்கு வருகிறேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. புளியரைப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் தயிர் லேசில் உறைவதில்லை. பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றிக் கலக்கி, மண்சட்டியைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். அப்படி வைத்தும் சில நாள் காலையில் ஓரத்தில் மட்டும் கட்டியிருக்கிறது, நடுவில் பால் ஆடுகிறது. அந்தக் கிருமிக்கு இளஞ்சூடு வேண்டும். குளிரில் சோம்பிவிடும், கொதித்தால் செத்துவிடும். அதனால் மோர்க்குழம்பும் உங்கள் எர்ணாகுளத்துப் புளிசேரியும் ருசிக்குச் சரி, உயிருள்ள கிருமி அதில் இருக்காது. இட்லியும் அப்படித்தான், மாவில் இருந்ததெல்லாம் ஆவியில் போய்விடும். தயிராகவோ மோராகவோ காய்ச்சாமல் சாப்பிட்டால்தான் உண்டு.

ஆனால் வீட்டுத் தயிரை நல்ல சாப்பாடு என்றுதான் சொல்வேன், மருந்து என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் 2001லேயே புரோபயாட்டிக் என்பதற்கு வரையறை வைத்தன: உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவு இருக்க வேண்டும், உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். என் சட்டியில் எந்தக் கிருமி, எத்தனை கோடி என்று யாருக்குத் தெரியும்? நீ வாங்கிய டப்பாவில் அது எழுதியிருக்கிறதா என்று பார். கிருமியின் பெயரோடு அதன் ரகத்தையும் எண்ணாகவோ எழுத்தாகவோ போட்டிருக்க வேண்டும். ஒரு ரகம் செய்வதை இன்னொரு ரகமும் செய்யும் என்று சொல்ல முடியாது. பெயர் மட்டும் போட்டு "இதயத்துக்கு நல்லது" என்று எழுதியிருந்தால் அந்தப் பணத்துக்குக் கீரையும் பயறும் வாங்கு. கடையில் குட்டி பாட்டிலில் விற்கும் புரோபயாட்டிக் பானம் வாங்கினால் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாயில் வை. பேத்தி குடிக்கட்டும், உனக்கு வேண்டாம்.

தயிரை இந்த அளவுக்கு உயர்த்தியவர் மெச்னிகோவ். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908ல் நோபல் வாங்கிய பெரிய மனிதர். புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று நம்பித் தானும் நாள் தவறாமல் சாப்பிட்டார். 1916ல், 71 வயதில், இதயம் செயலிழந்துதான் இறந்தார். தயிர் மேல் குற்றமில்லை. இதயத்தைக் காப்பாற்றும் மருந்துகள் அவர் காலத்தில் இல்லை. உனக்கு இருக்கின்றன.

இன்னொன்று. வரும்போதெல்லாம் பார்டரில் இறங்கிப் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாய், எர்ணாகுளத்தில் பீஃப் ஃப்ரையும் விடுவதில்லை என்று மருமகள் சொன்னாள். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011லும் 2013லும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பு இறைச்சியிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கும் சில சத்துகளைக் குடல் கிருமிகள் வேறு பொருளாக மாற்றுகின்றன, அதைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக்குகிறது. ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் வருகிறது. காப்ஸ்யூல் போட்டு அதைக் குறைத்துவிடலாம் என்று இதுவரை யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை. இறைச்சியைக் குறைப்பதுதான் வழி. ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, எப்போதாவது ஒருநாள் சாப்பிடு.

பழஞ்சோறு கேட்டாயே. மட்டையரிசியில் காலையில் சின்னக் கிண்ணம் போதும், பிழியாமல் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொள். தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் வைத்தாயானால் அந்த உப்பே பிரஷரை ஏற்றிவிடும். பழையது என்றாலும் சோறு சோறுதான், சர்க்கரை ஏறத்தான் செய்யும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருதரம் குத்திப் பார்த்து உன் உடம்புக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்.

2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் கேரளாவில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. நாலில் ஒருவர். ஆபீஸில் உன்னோடு உட்காருகிறவர்களிலும் பலருக்கு இருக்கும். ஒருவர் இந்தக் காப்ஸ்யூலைச் சொல்வார், இன்னொருவர் கஷாயம் சொல்வார். கேட்டுக்கொள், ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் எதையும் மாற்றாதே. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினால் வயிறு கடகடக்கிறது என்றாயே, அதையும் அவரிடமே சொல். சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார், இல்லையென்றால் மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றுவார். அதைப் பல வருடம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம், அதையும் பார்க்கச் சொல்.

இந்த மாதமே வெறும் வயிற்றில் போய்க் கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), சிறுநீரில் புரதம், ஈசிஜி நான்கும் எடுத்துவிடு. கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, பிரஷர் 130க்கு 80க்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பு, காப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ரிப்போர்ட் வரும்வரை இரவு மாத்திரை போட்டதும் மருமகளை எனக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஓணம் லீவில் பாலருவி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
அம்மா,
செங்கோட்டை