தையல் ஆறும் நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு

திருகோணமலை

அன்புள்ள அம்மாமார், அம்மம்மாமார், அயலவர்களுக்கு,

பிள்ளைப்பேற்றில் கிழிந்தோ வெட்டியோ தையல் போட்ட இடத்துக்கு நாங்கள் காய்ச்சும் மூலிகைக் கழுவுநீருக்கு இலையும் பட்டையும் நேரமும் தந்த எல்லோருக்கும் நன்றி.

வேப்பங்குழை தந்த நிலாவெளி, உப்புவெளி வீட்டுக்காரர் வீதியோர மரத்தை விட்டு, வளவுக்குள் நிற்கும் மரத்தில் ஒடித்தீர்கள். அது பெரிய உதவி. வாகனப்புகை படிந்த இலையை எத்தனை தரம் அலசினாலும் மனம் ஒப்பாது. இரண்டு கைப்பிடி இலைக்கு 2 லீற்றர் நீர். கொதி வந்தபின் 10 நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆறவைத்து, நாலாக மடித்த துணியில் வடிக்க வேண்டும். இலைத்துணுக்கு தையலில் சிக்கினால் உறுத்தும், புண்ணும் பழுதாகும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது.

ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளைக் கலப்பில்லாமல் இடித்துத் தந்த சரக்குக்கடைக்காரருக்கும் நன்றி. 25 கிராம் இடித்த பட்டையை 1 லீற்றர் நீரில் பாதியாக வற்றவைத்து வடித்து, அதே அளவு கொதித்தாறிய நீர் சேர்த்தால் போதும். துவர்ப்புக் கூடினால் தோல் காய்ந்து தையல் இழுக்கும். மஞ்சள்தூளை நேரே புண்ணில் அப்பவேண்டாம். கட்டிபட்டு ஒட்டிக்கொள்ளும், தூளில் என்ன கலந்திருக்கிறதென்றும் தெரியாது.

முதல் 24 மணித்தியாலம் வீக்கத்துக்குக் குளிர்தான் சரி: துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். மறுநாளிலிருந்து சுத்தமான பேசினில் இந்தக் கழுவுநீரை இளஞ்சூட்டில் விட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், 10 முதல் 15 நிமிடம் உட்காரலாம். அதற்கு மேல் ஊறினால் தோல் நைந்துவிடும். பிறகு முன்னிருந்து பின்னாக ஒற்றித் துடைக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. உண்மையைச் சொன்னால் பாதிச் சுகம் அந்த இளஞ்சூட்டாலேயே வருகிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் நீரைக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், திறந்த கிணற்று நீர் காய்ச்சாமல் தையலில் படக்கூடாது.

எல்லாரிலும் கூடுதலான நன்றி அம்மம்மாமாருக்குத்தான். நொச்சியும் ஆடாதோடையும் பாவட்டையும் போட்டு வேது (பிள்ளை பெற்றவளுக்கு மூலிகை வெந்நீர்க் குளிப்பு) வார்க்கும்போது, கொதிநீரை மேலிருந்து விசிறி ஊற்றாமல் முழங்கையில் சூடு பார்த்து வார்க்கச் சம்மதித்தீர்கள். மரத்துப்போன இடத்துக்குச் சூடு தெரியாது; தோல் அவிந்தபிறகுதான் தெரியும். நெருப்புச் சட்டிமேல் குந்தவைப்பதையும் விட்டீர்கள். “தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்” என்ற பேச்சையும் விட்டு, பத்தியச் சோற்றோடு முருங்கையிலை, பப்பாளி, தாராளமாகத் தண்ணீர் கொடுத்தீர்கள். மலம் இறுகி முக்கினால் எந்தக் கழுவுநீரும் தையலைக் காப்பாற்றாது.

காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேல் போனால், நாற்றமோ சீழோ கண்டால், தையல் விலகினால், நாளுக்கு நாள் குறையவேண்டிய நோ கூடினால், ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தால் ஒரு பாட் (pad) முழுக்க நனைந்தால் மூலிகையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லித்தந்த மருத்துவமாதுகளுக்கும் நன்றி.

வடிதுணிக்குப் பழைய வெள்ளை வேட்டி தந்த ஐயாமாரே, இன்னும் தேவைப்படுகிறது. கஞ்சி போட்ட புதுசு வேண்டாம். நாலைந்து தரம் தோய்த்த பருத்தியே நல்லது.

நன்றியுடன்,
கழுவுநீர் காய்ச்சும் பெண்கள்