பழைய மோட்டார் கார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடியரசு நாள் அணிவகுப்பு வழக்கம்போல் நடந்தது. ஆயுத பூஜையும் நடந்தது. செயற்குழு இரண்டு முறை போதிய ஆள் வராமல் கலைந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, உறுப்பினர்களின் ஃபோர்டு மாடல் டி கார்களுக்குக் காயில் (எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியை உண்டாக்கும் கம்பிச்சுருள்) சோதித்துச் சரிசெய்தது. இதற்குச் சங்கப் பணம் ஏன் என்று கேள்வி வந்ததால் விரிவாகவே சொல்கிறேன்.

1908 முதல் 1927 வரை தயாரான இந்தக் காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில், மரப்பெட்டிக்குள் இருக்கும். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் பூட்டிய 16 காந்தங்கள் ஒரு சுற்றுக்கு 16 மின் துடிப்பு தருகின்றன, 22.5 டிகிரிக்கு ஒன்று. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்று முறைவைக்கும் டைமர் இணைத்ததும் வரும் துடிப்பிலேயே பொறி விழ வேண்டும். காயில் அதைத் தவறவிட்டால் 22.5 டிகிரி தள்ளித்தான் அடுத்தது. வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும், பழியோ கார்புரேட்டர் மேல்.

பேட்டரியில் கொடுத்து 'கிர்ர்' சத்தம் கேட்டால் காயில் நல்லது என்று நம்புகிறோம். அது போதாது. காயிலின் மேல் அதிர்ந்து திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட், குறைந்த மின்சாரத்தில் திறந்தால் பொறி முந்தும், கூடினால் பிந்தும். நான்கும் நான்கு விதமாக இருந்தால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு டைமிங். அதனால்தான் கையால் சுற்றும் சோதனைக் கருவி வாங்கினோம். மீட்டர் 1.3 ஆம்பியர் காட்ட வேண்டும். கருவியில் பொறி விழும் வளையத்தின் 16 இடத்திலும் ஒற்றைப் பொறி தெரிய வேண்டும். இரட்டையாகத் தெரிந்தால் மேல் பாயிண்ட்டின் குஷன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் அசைவு 0.005 அங்குலம். கீழ்த் தகட்டை விரலால் அமுக்கினால் பாயிண்ட் இடைவெளி 1/32 அங்குலம் இருக்க வேண்டும். இரு முகமும் சமதளமாகப் பொருந்தாவிட்டால் எந்த அளவும் நிற்காது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கண்டன்சர், பாயிண்ட் திறக்கும்போது கருகாமல் காக்கும் பாகம். பழைய மெழுகுத்தாள் கண்டன்சர் ஈரத்தில் கசியும். பாயிண்ட் கருகும், பொறி மெலியும். அதை எடுத்துவிட்டு 0.47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கண்டன்சர் வைக்கிறோம். காயிலை அதன் மரப்பெட்டியோடு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஊற்றியிருக்கும் தார் மொறுமொறுவென்று பெயரும். தீயில் காட்டாதீர்கள், உள்சுற்று கெட்டுவிடும். பொறிக்கான உயர் வோல்ட் தரும், தலைமுடி போன்ற செகண்டரி கம்பி அறுந்தால் அந்தக் காயில் போனதுதான்.

இன்னொன்று: பேட்டரி ஒயரை மேக்னெட்டோ முனையில், அதாவது ஃப்ளைவீல் காந்தங்களால் உண்டாகும் மின்சாரம் வெளிவரும் முனையில், கொடுக்காதீர்கள். காந்தங்கள் பலம் இழந்துவிடும். சில சமயம் எஞ்சினை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பயிற்சி நாளுக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களே பிறகு, "நம்ம காயிலையும் பார்த்துடுங்க சார்" என்று போன் செய்தார்கள். இடைவெளி அளக்கும் சங்கத்தின் ஃபீலர் கேஜ் ஒன்று இன்னும் திரும்பவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. கணக்கைப் பொருளாளர் வைப்பார். சந்தா பாக்கி மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடுதல். இடம் தந்தவருக்கும், லேத் வேலை செய்து தந்த பட்டறைக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டைமர் ரோலர்களின் தேய்மானம் பார்க்க வேண்டும். டங்ஸ்டன் பாயிண்ட்டுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்; முன்பணம் இல்லாமல் ஆர்டர் போட முடியாது. கருவியைச் சுற்ற ஒருவர், மீட்டர் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேராவது நிரந்தரமாக வேண்டும். ஒரே ஆளாக இன்னொரு ஆண்டு இதைச் செய்ய என்னால் இயலாது. வருபவர்கள் நான்கு காயிலையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், சந்தா ரசீதுடன்.

செயலாளர்