பழைய ஜினாலயங்களில் உளி வைக்கும் முன்: திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத்து ஜினாலயங்களின், அதாவது சமணக் கோயில்களின், திருப்பணிக் குழுவினருக்கு வணக்கம்.

திருப்பணி என்று ஊர் கூடி முடிவெடுத்ததும் வந்து சேரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சுவரைச் சுத்தம் செய்ய மணல் வீச்சு, விமானத்துக்குச் சிமெண்ட் பூச்சும் எனாமல் வண்ணமும், தரைக்கு மெருகேற்றிய கிரானைட். சில ஊர்களில், பழையதை இறக்கிவிட்டு வெள்ளைப் பளிங்கில் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்து வரும். தருபவர்களின் பக்தியில் குறையில்லை. ஆனாலும் இந்த நான்கையும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பழையதை இடிக்காமல் கோயிலை வளர்ப்பது எப்படி என்பதற்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றமே சாட்சி. பல்லவர் காலத்திலேயே இவ்வூரில் சமணப் பள்ளி இருந்தது. வச்சிரநந்தி என்ற குரவருக்கு நிலம் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. திரைலோக்கியநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. விஜயநகரப் படைத்தலைவர் (தண்டநாயகர்) இருகப்பர், தம் ஆசான் புஷ்பசேனர் சொற்படி 1387-88-இல் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1385-இல், ஹம்பியில் குந்துநாத தீர்த்தங்கரருக்கு முழுக் கற்கோயிலே கட்டியவர் அவர். செல்வமும் ஆட்களும் கையில் இருந்தும் காஞ்சியில் அவர் பழைய கருவறையில் கை வைக்கவில்லை. அதன் முன்புறத்தில் மண்டபத்தைச் சேர்த்தார். உங்கள் ஊரில் இடம் போதவில்லை என்றால் நீங்களும் அப்படியே செய்யலாம். புதிய மண்டபம் பழைய அதிட்டானத்தின் (கோயிலின் அடிப்பீடத்தின்) மேல் ஏறாமல், மழைநீரை அதன் பக்கம் தள்ளாமல், தனி அடித்தளத்தில் நின்றால் போதும்.

இனி மணல் வீச்சு. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அழுத்தக் காற்றோடு மணல் மோதும்போது முதலில் மழுங்குவது எழுத்தின் விளிம்பு. அது போனால் புள்ளி எது, கொம்பு எது, கல்லின் இயல்பான குழி எது என்று பிரித்தறிய முடியாது. கருங்கல்லுக்கே இந்தக் கதி. திருப்பருத்திக்குன்றத்துச் சந்திரப்பிரபர் கோயில் போன்ற பல்லவர் கால மணற்கல் என்றால், சிற்பத்தின் முகமே உதிர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மென்மையான நார்த்தூரிகையும், நடுநிலைச் சோப்புக் கரைசலும், நிறையத் தண்ணீரும் போதும். சுண்ணாம்புப் படலத்தை நனைத்து ஊறவிட்டு, மூங்கில் சீவலால் மெல்ல எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டியும் அமிலமும் கல்லின் பக்கமே வரக் கூடாது. பழைய சாயமோ ஓவியமோ சிறு துணுக்காகத் தென்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநரை அழையுங்கள்.

ஒரு கல்வெட்டு போனால் என்ன போகும்? போளூர் அருகே திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு அளித்த கொடையைச் சொல்லும் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. மல்லியூர் வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்ததைப் பதிவது. அதன் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்திதான் (அரசனின் வெற்றிகளைப் புகழும் முன்னுரைதான்) முதலாம் இராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்புக்கு வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. ஒரு வணிகர் வீட்டு அம்மையின் விளக்குக் கொடையில் ஒரு பேரரசின் வரலாறு தங்கியிருக்கிறது. உங்கள் கோயில் அடிப்பீடத்தின் குமுத வரிசையில் பாதி தேய்ந்து கிடக்கும் வரிகளில் ஒரு பள்ளிச்சந்தத்தின் (சமணப் பள்ளிக்கு விட்ட நிலத்தின்) எல்லையோ, ஒரு குரத்தியாரின் (சமணப் பெண் துறவியின்) பெயரோ இருக்கலாம்.

எனவே வேலை தொடங்கும் முன் அடிப்பீடத்தின் அடுக்குகளான ஜகதி, குமுதம், பட்டிகை, பின் நிலைக்கால், தூண் என்று ஒவ்வொன்றையும் பக்கவாட்டு ஒளியில் படம் எடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் படி) எடுக்கத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். சுவரைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், திசை, வரிசை, கல் என்ற முறையில் எண் கொடுங்கள்: ‘வடக்கு, 3-ஆம் வரிசை, 5-ஆம் கல்’ என்பதுபோல. எண்ணைக் கல்லின் மேற்புறத்தில் எழுத வேண்டும், எழுத்துள்ள முகத்தில் அல்ல. அதே எண்ணை வரைபடத்திலும் குறித்து இரண்டு பிரதிகள் வையுங்கள். எண்ணிடாமல் பிரித்த கோயில்களில் ஒரே கல்வெட்டின் துண்டுகள் வேறு வேறு சுவரில், சில தலைகீழாகக்கூட, கட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

சிமெண்ட் ஏன் கூடாது என்று கொத்தனார்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் கோயில்களில் பெரும்பாலும் கபோதம் (சுவருக்கு மேலுள்ள கூரை விளிம்பு) வரை கல், அதற்கு மேல் செங்கல், சுண்ணாம்பு, சுதை. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஈரத்தில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்குகிறது. வெளியே பூச்சு உறுதியாகவே தெரியும். தட்டினால் பொக்கென்று ஒலிக்கும். ஒரு நாள் சுதை உருவத்தோடு பாளமாகக் கழன்று விழும். எனாமல் வண்ணமும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுதைக்குச் சுண்ணாம்பு நீரில் கலந்த மண் வண்ணங்களே ஏற்றவை.

சுண்ணாம்புக் காரைக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, இரண்டு பங்கு உப்பில்லாத ஆற்று மணல். இறுதிப் பூச்சுக்கு மணலைச் சலித்து இன்னும் நுண்ணியதாக எடுங்கள். உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து வடித்த நீரைக் கலவைக்குப் பயன்படுத்தலாம். ஒரே நாளில் கனமாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய படலமாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. சாக்கை நனைத்து மூடி, குறைந்தது ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். சீக்கிரம் கெட்டியாக வேண்டும் என்று ‘கொஞ்சம்’ சிமெண்ட் சேர்ப்பதும் கூடாது. அதிலுள்ள உப்பு போதும், வேலையைக் கெடுக்க.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது ஓவியம். சங்கீத மண்டபத்து விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் வரிவரியாகத் தீட்டப்பட்டு, கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டுள்ளன. இத்தகைய ஓவியத்துக்கு முதல் எதிரி அதன் தலைக்கு மேலேயே இருக்கிறது: மேல்தளம். தளத்தில் வெடிப்பு விட்டால் நீர் கல் இடுக்கு வழியே இறங்கி, காரையை ஊதவைத்து, வண்ணத்தோடு உதிர்த்துவிடும். ஆகவே பணத்தில் முதல் பங்கு தளத்துக்கே போக வேண்டும். ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் நகரும். வெட்டி, வேரைச் செயலிழக்கச் செய்து, பின் இடுக்கைக் காரையால் அடையுங்கள். பழைய தளம் முழுதும் கெட்டிருந்தால் செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு சேர்த்து, சராசரி 75 மி.மீ. கனத்தில் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிக்கலாம். மூன்று மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு வைத்து, தூம்பின் (மழைநீர்க் குழாயின்) வாய் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்குமாறு பாருங்கள். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் ஏற்றினால் உத்திரக் கல் சுமை தாங்காமல் விரிசல் விடும். பழையதை அகற்றிவிட்டுத்தான் புதியது. ஓவியத்தின் மேல் வார்னிஷ் பூசுவதும், மங்கிய இடத்தில் புது வண்ணம் தீட்டுவதும் கூடவே கூடாது. மின்கம்பிக்காக விதானத்திலும் தூணிலும் துளையிடுவதும் அப்படித்தான்.

தரையைப் பற்றி: மெருகேற்றிய கல்லைச் சிமெண்டில் பதித்தால் மண்ணின் ஈரம் தரை வழியே ஆவியாக முடியாமல் சுவரில் ஏறும். தரை உயர்ந்து ஜகதியும் அதிலுள்ள கல்வெட்டும் புதைந்துபோகும். பிராகாரத்தைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, கொத்திய பலகைக் கல்லைச் சுண்ணாம்பு இணைப்பில் பதியுங்கள்.

பஞ்சகல்யாணத்துக்கு (பிரதிஷ்டை விழாவுக்கு) நாள் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைக்க முயல்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. காரை இறுகும் காலத்தைக் கணக்கிட்டு நாளைக் குறியுங்கள். கொட்டும் மழையிலும் அக்கினி நட்சத்திரத்திலும் பூச்சு வேலை ஆகாது. தை பிறந்ததும் பூச்சைத் தொடங்க வேண்டுமென்றால், சுண்ணாம்பை ஐப்பசியிலேயே நீற்றி, தண்ணீர் வற்றாமல் தொட்டியில் போட்டுவையுங்கள்.