படைத்தலைவி ஆகிவிட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ ஆடும் இணைய விளையாட்டில் உன் நாட்டு வீரர்கள் கூடி வாக்களித்து உன்னைப் படைத்தலைவியாகத் தேர்ந்தெடுத்த செய்தியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். பொறுப்பை ஏற்கலாமா என்று நீ கேட்கவில்லை. ஏற்றாகிவிட்டது, இனி எதை மனத்தில் வைத்து நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்டது எனக்குப் பெருமை. பல ஆண்டுகளாக உன் மாலைப்பொழுதுகளையும் நட்புகளையும் தன்னுள் வைத்திருக்கும் உலகம் அது என்பதால், இத்தகைய விளையாட்டுகளின் வரலாற்றை நானும் ஊன்றிப் படித்துவருகிறேன். அந்தப் படிப்பிலிருந்து எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: தோற்ற இரவுக்கு அடுத்த நாளும் உன் மக்கள் திரும்பி வர வேண்டும். நீ எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு கேள்வியின் முன் நிறுத்திப் பார்.

மண்ணில் இருந்த அரசுகளின் குடிமக்கள் நாட்டை விட்டுப் போக வேண்டுமென்றால் நிலத்தையும் உறவையும் இழந்து போக வேண்டியிருந்தது. அதனால் கொடுங்கோலையும் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். உன் குடிமக்களில் எவரும் கணினியை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், நிரந்தரமாகப் போய்விடலாம். தடுத்து நிறுத்த உன்னிடம் சட்டமும் இல்லை, காவலும் இல்லை, கொடுக்கச் சம்பளமும் இல்லை. கோட்டைகளும் கருவூலமும் எல்லைக்கோடுகளும் சர்வரில் பதிந்திருக்கும் எண்கள். இன்று இரவு லாகின் செய்ய மனம் கொண்டிருப்பவர்களே உன் நாடு.

உங்கள் உலகில் நாடுகள் மூன்றாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2001-இல் மிதிக் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் வெளியிட்ட 'டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்' இந்த அமைப்பை எடுத்துக்காட்டாக நிலைநிறுத்தியது. ஆர்தர் மன்னனின் கதைகளிலிருந்து ஆல்பியன், கெல்டியத் தொன்மங்களிலிருந்து ஹைபர்னியா, நார்ஸ் தொன்மங்களிலிருந்து மிட்கார்ட் என்று அங்கே மூன்று நாடுகள். ஒவ்வொரு நாட்டிடமும் வலிமைக்கு ஒன்றும் மாயத்துக்கு ஒன்றுமாகத் தொல்சின்னங்கள் இருந்தன. எதிரியின் சின்னத்தைக் கவர்ந்து வந்து வைத்துக்கொண்டால், கவர்ந்த நாட்டினர் அனைவரின் தாக்கும் திறனும் கூடும். நம் புறத்திணை மரபில் ஆநிரை கவரும் வெட்சிக்குப் பின் அதை மீட்கும் கரந்தை வருவதைப் போலவே, கவர்தலுக்குப் பின் மீட்டலும், அதற்கு வஞ்சம் தீர்க்கும் முற்றுகையும் அங்கே தொடர்ந்துகொண்டே இருந்தன.

இரண்டே நாடுகள் என்றால், ஒரு பக்கம் ஆள் கூடும்போது மறுபக்கம் தோற்கத் தொடங்குகிறது. தோற்கிறவர்கள் சலித்து வெளியேறுகிறார்கள். அதனால் இன்னும் மோசமாகத் தோற்கிறார்கள். மூன்று நாடுகள் இருந்தால், வலுத்தவனுக்கு எதிராக மெலிந்த இருவரும் சேர முடியும். யாரும் முழுதாக வென்றுவிட முடியாத இந்தச் சமநிலைதான் போரை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது. இதை உன் வீரர்களுக்கு நீ முன்கூட்டியே விளக்கிச் சொல்ல வேண்டும். உங்கள் கொடி அதிகமான கோட்டைகளில் பறக்கும் அந்த வாரத்தில்தான் இரண்டு அண்டை நாடுகளும் ஒன்றுசேர்ந்து உங்கள் மேல் பாயும். முன்பே தெரிந்தவர்கள் அதை உங்கள் வலிமைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் துரோகம் என்று கத்தி, மனம் உடைந்து போவார்கள். அண்டை நாட்டோடு உடன்படிக்கை செய்யும்போதும் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று எழுதி வைத்துச் செய். காலவரையறை இல்லாத நட்பு உடையும்போது அதில் கசப்பு மிஞ்சும்.

இனி நான் சொல்லப்போகும் கதையை நீ அறிந்திருப்பாய். ஆனாலும் தலைவியான பிறகு அதை ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'லினியேஜ் 2' விளையாட்டில் பார்ட்ஸ் என்று ஒரு சர்வர், அதாவது அந்த விளையாட்டு உலகின் தனிப் பிரதி ஒன்று, இருந்தது. அங்கே டிராகன் நைட்ஸ் என்னும் வலுவான கில்ட், அதாவது வீரர் குழு, தன் கூட்டாளிகளோடு சேர்ந்து கோட்டைகளைப் பிடித்தது. நல்ல வேட்டைக்களங்களை அவர்கள் தமக்கென்று அடைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்த மற்றவர்களைக் கொன்று விரட்டினார்கள். கோட்டையின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்க் கடைகளில் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி விதிக்கும் உரிமை கோட்டைத் தலைவருக்கு உண்டு. 10 விழுக்காடாக இருந்த அந்த வரி 15 விழுக்காடானது. எளிய வீரர்களின் பொறுமை அங்கே முடிந்தது.

2004-இல் கிளர்ச்சி வெடித்தது. எதிர்த்து எழுந்த ஒரு கில்ட் ஒரு கோட்டையைக் கைப்பற்றியவுடன் வரியை அடியோடு நீக்கி அறிவித்தது. செய்தி பரவியதும் பிற சர்வர்களில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட பார்ட்ஸுக்கு வந்து புதிய கேரக்டர்களை உருவாக்கிப் போரில் சேர்ந்தார்கள். கவசம் வாங்கவும் வசதியில்லாத அந்தக் குறைந்த லெவல் வீரர்களின் உருவங்கள் உள்ளாடையோடுதான் களத்தில் நின்றன. அதனாலேயே அவர்களுக்கு உள்ளாடைப் படை என்று பெயர் வந்தது. ஒற்றை அடியில் சாகக்கூடியவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடி, உயர்ந்த லெவல் வீரர்களின் வழியை உடலால் மறித்தார்கள். செத்தார்கள், எழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். அந்த ஆண்டின் நடுவில் தலைமைக் கோட்டையான ஏடனும் வீழ்ந்தது.

வென்ற பிறகு நடந்ததுதான் உனக்கான பாடப்பகுதி என்று நான் கருதுகிறேன். கூட்டணியில் இருந்த பெரிய கில்டுகள் கோட்டைகளையும் வேட்டைக்களங்களையும் பங்கிடுவதில் சண்டையிட்டுக்கொண்டன. உடலைத் தடுப்பாக வைத்த எளியவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்; பழைய ஆதிக்கத்தினர் மீண்டு வந்தார்கள். படைக்கலன்களின் குறைவால் அந்தக் கிளர்ச்சி தோற்கவில்லை, மகளே. போருக்கு அழைத்தபோது பேசியவர்கள் பங்கீட்டின்போது அந்த எளியவர்களை மறந்தார்கள். அதனால் இன்னொருமுறை அழைத்தபோது வர ஆளில்லை. ஆகவே, கைப்பற்றும் பொருளை எப்படிப் பங்கிடுவது என்பதைப் போருக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி எழுதி வை. புதியவர்களுக்குக் கவசமும் மருந்தும் கருவூலத்திலிருந்து முதலில் போகட்டும். வெற்றி அறிவிப்பில் எதிரித் தளபதியை வீழ்த்தியவரின் பெயரோடு, பின்வரிசையில் நின்று காயம் ஆற்றி எல்லோரையும் உயிரோடு வைத்திருந்த ஹீலரின் பெயரும், இரவெல்லாம் வேலிமரம் சுமந்தவரின் பெயரும் வர வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் திரும்பி வருவார்.

சலிப்பூட்டும் வேலைகளையும் நீ மதிக்க வேண்டும். விண்வெளியில் நடப்பது என்றாலும், வீரர்களே அரசுகளைக் கட்டிப் போரிடுவதில் 'ஈவ் ஆன்லைன்' உங்கள் உலகத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் ஒரு பெரும்போர் நடந்தது; அழிந்த கப்பல்களின் மதிப்பை உண்மைப் பணத்தில் 3 லட்சம் டாலர் அளவில் கணக்கிட்டார்கள். அவ்வளவும் தொடங்கியது, அந்த மண்டலத்தின் ஆட்சியுரிமைக்காகச் செலுத்த வேண்டிய கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போனதால். அதே விளையாட்டில் 2009-இல், பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்னும் மாபெரும் கூட்டணியை எந்தப் படையும் வீழ்த்தவில்லை. நிருவாக உரிமை பெற்றிருந்த உள் ஆள் ஒருவர் மனம் மாறி எதிரியோடு சேர்ந்து, கூட்டணியையே கலைத்துவிட்டார். கருவூலத்தின் சாவி யாரிடம், கில்டைக் கலைக்கும் உரிமை யாரிடம், கட்டணம் செலுத்தும் நாளை நினைவில் வைத்திருப்பவர் யார் என்பதையெல்லாம் பதவியேற்ற முதல் வாரத்திலேயே சரிபார்த்துவிடு. அதைவிட முக்கியம், அந்த உரிமைகளை வைத்திருப்பவர்களோடு அடிக்கடி பேசு. மனக்குறை முற்றிய பிறகு தெரிய வருவது பயன்படாது.

எதிரி உறங்கும் நேரம் பார்த்துக் கோட்டைகளைக் கைப்பற்றும் வழக்கம் உங்கள் உலகிலும் உண்டு என்று எழுதியிருந்தாய். விதிகள் அனுமதிக்கும்வரை அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு நள்ளிரவு என்பது வேறொரு நாட்டில் இருப்பவருக்கு மாலை ஏழு மணி. ஆனால் உன் ஆட்களை அலாரம் வைத்து எழுப்பி, காலையில் பணிக்கோ படிப்புக்கோ தூங்கி வழிந்துகொண்டு போகும்படி செய்யாதே. அப்படிக் காத்த கோட்டை ஒரு மாதம் நிற்கும். காத்தவர்கள் அதற்குள் சோர்ந்து நின்றுவிடுவார்கள். சில கோட்டைகளை இரவில் இழந்து, பகலில் மீட்பது என்று வெளிப்படையாக முடிவெடுப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். உனக்கு அந்தத் துணிவு உண்டு.

எதிரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமலாட்டில் ஒரு நாட்டினர் பேசுவது மற்ற நாட்டினருக்குப் புரியாதபடி அமைத்திருந்தார்கள். பகையைத் தூய்மையாக வைத்திருக்க அது உதவியது. கூடவே, எதிரே நிற்பவரும் நாள் முழுவதும் உழைத்துவிட்டு ஓய்வுக்கு வந்த ஒரு மனிதர் என்பதை மறக்கவும் வைத்தது. உன் வீரர்கள் களத்தில் எவ்வளவு கடுமையாகப் போரிட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எதிரி வீரர் ஒருவரின் ஊரையோ குடும்பத்தையோ உண்மைப் பெயரையோ தேடிப் பிடித்து அவரை மிரட்டுகிறவர் உன் படையின் சிறந்த வீரராகவே இருந்தாலும் அன்றே வெளியேற்று. அங்கே தயங்கினால், மென்மையானவர்கள் முதலில் போய்விடுவார்கள். எஞ்சியிருப்பவர்களின் நாட்டை ஆள நீயே விரும்ப மாட்டாய். நல்ல சண்டை தந்த எதிரித் தளபதிக்குப் போர் முடிந்ததும் பாராட்டி ஒரு வரி எழுதி அனுப்பு. அவரும் திரும்பி வந்தால்தானே உங்களுக்குப் போர் இருக்கும்.

கடைசியாக உன்னைப் பற்றி. திரும்பி வர வேண்டியவர்களில் நீயும் ஒருத்தி. வீரர்களின் சச்சரவுகள் எல்லாம் உன் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தால், இந்த விளையாட்டில் உனக்குப் பிடித்தவை எல்லாம் ஒரு பருவத்துக்குள் கடமையாகிவிடும். காடுகளில் தனியே அலைந்து மூலிகை தேடுவது உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். தலைவியான பிறகும் அதற்கு நேரம் வைத்துக்கொள். வாரத்தில் ஓர் இரவேனும் படை உன் துணைத்தலைவர்களின் ஆணையில் போகட்டும். அன்று அவர்கள் தோற்றாலும் குறுக்கிடாதே. தோல்வியைச் சுமந்து பழகியவர்களிடம்தான் நாளை பொறுப்பை ஒப்படைக்க முடியும்.

அடுத்த முற்றுகை என்றைக்கு, துணைத்தலைவர்களாக யாரை அமர்த்தப் போகிறாய், பங்கீட்டு விதிகளை எப்படி வகுத்திருக்கிறாய் என்று விரிவாக எழுது. விதிகளின் வரைவை எனக்கும் அனுப்பிவை. படைக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒருத்தியின் கண்ணோடு அதைப் படித்துப் பார்த்து, எங்கே விளங்கவில்லை என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா