வண்டுக்கு முன்னால் என்ன நடந்தது?

கண்ணு,

நீ அனுப்பிய, பட்டுப்போன மரங்களின் படங்களில் வண்டுத் துளைகளை மட்டும் வட்டம் போட்டிருக்கிறாய். ‘வண்டு தாக்கிப் பட்டுப்போனது’ என்று அறிக்கையில் எழுதிவிடாதே. பெரும்பாலும் மரம் தளர்ந்த பிறகுதான் வண்டு வரும்.

மரநோய் ஆய்வாளர் பால் மேனியன் 1981-இல் காரணங்களை மூன்றாகப் பிரித்தார். ஆழமில்லாத மண், மரங்களின் நெருக்கம், இடத்துக்கு ஒவ்வாத இனம் எல்லாம் பல ஆண்டுகளாக மரத்தை இளைக்க வைப்பவை. வறட்சியும் இலை தின்னும் புழுவும் ஓரிரு பருவத்தில் அதைச் சாய்ப்பவை. பட்டை வண்டும் வேரழுகல் பூஞ்சையும் கடைசியில் வந்து கதையை முடிப்பவை. நம் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கூட்டம்தான்.

மழை குறையவில்லையே, வறட்சி எப்படி என்பார்கள். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதே மழை பெய்தாலும் இலையிலிருந்து காற்று கூடுதலாக நீரை உறிஞ்சும். இலைத்துளையை மூடினால் மரத்துக்கு உணவு தயாராகாது. திறந்தே வைத்தால் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும். உச்சிக்கிளை முதலில் காய்வது பல நேரம் இதனால்தான்.

மரங்களுக்கு எண் போட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில், இலை முழுதாக விரிந்த பிறகு பார். தலைப்பகுதியில் காய்ந்ததை 5 சதவீதப் படிகளில் குறி. இருவர் தனித்தனியே மதிப்பிடுங்கள். ஒரு கண்ணை நம்ப முடியாது. மண்ணோடு சேரும் இடத்தில் பட்டையைச் சிறிது சீவு. விசிறிபோல் வெள்ளைப் படலமும் கறுப்பு ஷூ லேஸ் போன்ற இழைகளும் இருந்தால் அது ஆர்மில்லேரியா பூஞ்சையாக இருக்கலாம். ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் இனமானால் 1.3 மீட்டர் உயரத்தில் துளைக்கருவியால் மாதிரி எடுத்து மழைப் பதிவோடு ஒப்பிடு. மரம் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வளையம் மெலிந்திருப்பதை அடிக்கடி காண்பாய்.

இடையிடையே மரங்களை வெட்டி நெருக்கத்தைக் கலைப்பதுதான் நம் கையில் உள்ள நல்ல வழி, ஆனால் தவணை தவணையாக. ஒரேயடியாகத் திறந்தால் நிழலில் வளர்ந்த பட்டை வெயிலில் வெந்துவிடும், மரம் காற்றில் சாயும். ஈர மண்ணில் கனரக வண்டியை விடாதே. மண் இறுகினால் வேர் மூச்சுமுட்டும். வாடுகிறதே என்று உரம் போட்டால் இலை பெருகித் தாகம்தான் கூடும்.

பட்டை இடுக்கில் புதிய மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. உடனே வெட்டி அகற்று, இல்லையேல் பட்டையை உரி. பட்டை உதிர்ந்து நிற்கும் மரத்திலிருந்து வண்டு எப்போதோ பறந்திருக்கும். பாதையோரம் இல்லையென்றால் அந்த மரத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடு.

ஒரு விலக்கு உண்டு. வெளியிலிருந்து வந்த நோய், தெம்பான மரத்தையும் கொல்லும். 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் தென்பட்டு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பரவிய, ஆஷ் மரங்களின் கிளைகளைக் காய வைக்கும் பூஞ்சை நோய் அப்படிப்பட்டது. அங்கேயும் சில மரங்கள் தாக்குப்பிடிக்கின்றன. பட்ட கூட்டத்தின் நடுவே பசுமையாக நிற்பதை வெட்டாதே. அதன் விதையைத் தனியே எடுத்து, மர எண்ணையும் எழுதி வை.

அப்பா